சி டிரைவில் இருந்த தமிழ்

பழைய கணினியை ஃபார்மட் செய்து, புதிதாக ஓஎஸ் போட்டு, முன்பே எடுத்து வைத்த கோப்புகளைத் திரும்ப ஏற்றிவிட்டு ஒன்றைத் திறந்தால் சில சமயம் திரையில் இப்படி வரும்: முக்கால் என்பதற்கான பின்னக்குறி, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, சென்ட் குறி, தலையில் சாய்கோடு போட்ட சின்ன யு. இந்த நான்கையும் சேர்த்தால் ‘தமிழ்’. திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் அடித்த கோப்பு அது. பாமினியில் அடித்திருந்தால் அதே சொல் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, அதிலிருந்து ஒரு பைட்டுகூடக் குறையவில்லை. இத்தனை நாள் அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்த எழுத்துரு மட்டும் பழைய விண்டோஸோடு சேர்ந்து அழிந்துவிட்டது.

இப்படி ஓர் அழிவு நடந்தது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஆண்டுகள் கழித்து யாராவது கோப்பைத் திறந்து பார்த்து, ‘இது ஏதோ வைரஸ்’ என்று மூடிவிடுகிறார்கள், அல்லது நீக்கிவிடுகிறார்கள்.

எழுத்துரு போனதும் தமிழும் போவதற்குக் காரணம் எளிமையானது. அந்தக் காலத்துக் கணினி ஓர் எழுத்தை ஒரு பைட்டில் வைத்தது. ஒரு பைட்டில் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் போனது. மிச்சமிருந்த 128இல் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளும் பணக்குறிகளும் உட்கார்ந்திருந்தன. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தையே எடுத்துக்கொண்டன. 247 எழுத்தும் அதற்குள் அடங்காது என்பதால் கொம்பு, கால், விசிறி என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைத்தார்கள். எந்த உறுப்பு எந்த இடத்தில் என்பதை ஒவ்வொரு மென்பொருள்காரரும் தாமே முடிவு செய்தார். ஆகவே கோப்புக்குள் இருந்தவை வெறும் எண்கள். எந்த எண் எந்த எழுத்து என்ற செய்தி எழுத்துருவுக்குள் இருந்தது. ஆங்கிலத்தில் 1994இல் அடித்த கடிதம் இன்றைக்கும் எந்தக் கணினியிலும் திறக்கிறது. தமிழில் அதே ஆண்டு அடித்த கடிதத்துக்கு அதை அடித்த கணினியே அகராதி.

இதைச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழைக் கணினிக்குள்ளும் இணையத்துக்குள்ளும் கொண்டுபோன வேலையில் இந்த ஊர் முன்வரிசையில் நின்றது. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கென ஓர் இணையத்தளத்தை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தொடங்கிவைத்தார். அதன் தமிழ்ப் பக்கங்களுக்குப் பின்னால் இருந்தவர் நா. கோவிந்தசாமி. சிறுகதையாசிரியர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்தவர், ‘கணியன்’ மென்பொருளை உருவாக்கியவர். 1997 மே மாதம் அவர் இங்கே கூட்டிய ‘தமிழ்நெட் 97’ கருத்தரங்கில்தான், ஆளுக்கோர் எழுத்துருவும் ஆளுக்கொரு விசைப்பலகையுமாகச் சிதறிக் கிடந்தவர்கள் பொதுவான ஒன்று வேண்டும் என்று நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் அதன் பலன். அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். 2000 ஜூலையில் மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் உருவானது. ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் இத்தனை பாடுபட்டதால் இங்குள்ள ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சங்கத்துச் செயலாளர்களும் மற்ற ஊர்க்காரர்களுக்கு முன்பே தமிழில் தட்டச்சத் தொடங்கினார்கள்.

அதனாலேயே இங்கே இழப்பும் கூடுதல். 2005 வரை கையால் எழுதிக்கொண்டிருந்தவரின் நோட்டுப் புத்தகம் அப்படியே இருக்கிறது. 1996இலேயே ஆர்வத்தோடு கணினிக்கு மாறியவரின் கதைதான் வாசிக்க முடியாமல் கிடக்கிறது. தமிழுக்காக முதலில் துணிந்தவர்களுக்கு இது நேர்ந்திருப்பது எனக்கு ஆறவில்லை.

இந்த ஆண்டுகளில் அந்த இழப்பு வேகம் பிடித்திருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் ஒரே நாளில் பழசாயின. ஒரு புதுக் கணினி வாங்கும்போது வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் அதைவிடப் பழையதும் சேர்ந்து வெளியே போகும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கு. 2021 ஜூலை 1 முதல் தயாரிப்பாளர்களே பொறுப்பேற்றுத் திரும்பப் பெற வேண்டும் என்ற திட்டம் நடப்பில் இருக்கிறது; கடைத்தொகுதிகளிலும் சமூக நிலையங்களிலும் தொட்டிகள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு. தொட்டிக்குள் போகும் ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருந்தது என்று பார்ப்பது அந்த ஏற்பாட்டின் வேலை இல்லை, வீட்டுக்காரர்களின் வேலை.

எல்லாப் பழைய கணினியும் தொட்டிக்குப் போவதில்லை. லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் சிம் லிம் சதுக்கம். 1987இல் திறந்த கட்டடம்; சொந்தமாக உதிரிப் பாகம் வாங்கிக் கணினி பூட்டிய ஒரு தலைமுறைக்கு அதன் மாடிகள் மனப்பாடம். கொஞ்சம் தள்ளி ஜாலான் புசார் முனையில் சிம் லிம் டவர், வயரும் சாலிடரிங் கம்பியும் அடாப்டரும் கிடைக்கும் இடம். பக்கத்தில் சுங்கை ரோட்டுப் பழஞ்சந்தை இருந்தது. 2017 ஜூலை 10ஆம் தேதி அதை மூடும்வரை தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய கைப்பேசி, சார்ஜர், செயலிழந்த லேப்டாப் எல்லாம் விற்றார்கள். இந்த வட்டாரமே பழைய மின்பொருளுக்கு இன்னொரு வாழ்க்கை கொடுத்துப் பழகியது. சிராங்கூன் சாலையின் கிளைத்தெருக்களில் கைப்பேசி பழுதுபார்க்கும் சிறு கடைகள் லேப்டாப்பும் பார்ப்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அப்படி ஒரு கடை முன்னால் நின்றால் காதில் விழும்.

“அண்ணே, இதை ஊருக்குக் குடுத்துவிடணும். தங்கச்சி காலேஜ் சேந்திருக்கு. புதுசா ஓஎஸ் போட்டுக் குடுங்க.”

“டேட்டா எதுவும் வேணுமா தம்பி?”

“போட்டோ மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே. மத்ததெல்லாம் போனாப் போகட்டும்.”

அந்த இளைஞருக்கு அது சரியான பதில். அவர் ஊருக்கு எழுதுவதெல்லாம் கைப்பேசியில், எல்லாக் கருவிக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடில். 2014இல் இங்கே தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டிக்குத் தமிழ்க் கவிதைகளும் பின்னர் வந்தன. விடுதிக் கட்டிலில் சாய்ந்தபடி கைப்பேசியில் அடித்த ஒரு கவிதையை இன்னும் முப்பது ஆண்டு கழித்து எந்தக் கருவியில் திறந்தாலும் அது தமிழாகவே தெரியும். ஆகக் கடைக்காரரின் கேள்வியிலும் குறையில்லை. அதே கேள்வியை ஓர் எழுபது வயதுக்காரரிடம் கேட்கும்போதுதான் அது போதாமல் போகிறது.

ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் அப்படி ஒரு மேசைக் கணினியைப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கணினியின் மேல் பூத்துணி போட்டு மூடியிருந்தது.

“ரொம்ப மெதுவா ஓடுது தம்பி. பையன் ஃபார்மட் பண்ணுங்கப்பாங்கிறான், இல்லேன்னா தூக்கிப் போடச் சொல்றான்.”

“இதுல என்னென்ன அடிச்சு வச்சிருக்கீங்க ஐயா?”

“பரீட்சைத் தாள், சங்கத்துக் கடிதம், ஆண்டுமலர்க் கட்டுரை. கொஞ்சம் கதையும் உண்டு. வந்ததெல்லாம் பத்திரிகையில வந்துடுச்சு. வராததுதான் உள்ள கெடக்கு.”

பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் கடிகாரம் தவறு என்று ஒரு வரி வந்து நின்றது. உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால் கணினி தேதியை மறந்து, தன் பயாஸில் எழுதியிருக்கும் முதல் தேதிக்குத் திரும்பிவிடும். இதனாலேயே பல பழைய கணினிகளில் இணையம் வேலை செய்வதில்லை. சான்றிதழின் தேதி ஒத்துவராததால் பாதுகாப்பான தளங்கள் உள்ளே விடாது. இரண்டு மூன்று வெள்ளியில் முடியும் பழுதைப் பார்த்து, கணினியே போய்விட்டது என்று முடிவுகட்டி எறிந்தவர்கள் நிறைய. எஃப்1 அழுத்தியதும் விண்டோஸ் எக்ஸ்பி எழுந்து வந்தது.

ஐயா ஒரு கதையைத் திறந்தார். தமிழ் அழகாகத் தெரிந்தது. அதே கோப்பைத் தம்ப் டிரைவில் எடுத்து என் லேப்டாப்பில் திறந்து காட்டினேன். சென்ட் குறியும் பின்னக்குறியுமாக வரிவரியாக நிறைந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். “இது என் கதையா?” என்று கேட்டார்.

ஓஎஸ் புதிதாகப் போடுவது என்றால் என்ன நடக்கிறது என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிறுவும்போது, எங்கே போடட்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் பார்ட்டிஷனைத் தேர்ந்து டிலீட்டோ ஃபார்மட்டோ கொடுத்தால் அந்த இடத்தில் இருந்த அட்டவணை போய்விடும். மேலே புது ஓஎஸ் எழுதப்படும். ஃபார்மட் கொடுக்காமல் அதன் மேலேயே போட்டால் விண்டோஸ் பழையதை ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கி வைக்கும். எழுத்துருக்கள் அப்போது அதற்குள்தான் இருக்கும். ஆனால் விண்டோஸ் 10 வழக்கமாகப் பத்து நாளில் அந்த ஃபோல்டரைத் தானே நீக்கிவிடும். அதற்குள் யாருக்கும் பழைய கோப்பைத் திறந்து பார்க்கத் தோன்றாது. ஓஎஸ் போடுவதற்கு முன், சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதையும், தட்டச்சு மென்பொருள் இருக்கும் ப்ரோக்ராம் ஃபைல்ஸையும் சேர்த்து எடுத்தால் போதும். சில நிமிட வேலை. கேட்பவர் இல்லாததால் நடப்பதில்லை.

அதைவிட நல்ல வழி, எதையும் தொடுவதற்கு முன் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு படியெடுத்துவிடுவது. அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குக்குப் பட்டையான நாற்பது ஊசி வயர். இன்றைய லேப்டாப்பில் நேரே செருக முடியாது. அதற்கு யூஎஸ்பி அடாப்டர் சிம் லிம் பக்கம் கிடைக்கிறது. டிஸ்க்கை வெளியே எடுத்து, லினக்ஸில் இணைத்து, எழுதவே முடியாதபடி வாசிக்க மட்டும் திறந்து, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை ஒரே கோப்பாக நகலெடுத்தோம். ஒரு காலத்தில் ஒரு வீட்டின் முழு எழுத்தையும் தாங்கிய 40 ஜிபி டிஸ்க், இப்போது விரலளவு 64 ஜிபி தம்ப் டிரைவுக்குள் இடம் மீதி வைத்து அடங்கிவிடுகிறது. நகலெடுக்கும்போது பழைய டிஸ்க் ஒருவிதமாகக் கரகரத்தது. சுழலும் தட்டுக்கு வயதாகிவிட்டால் ஒரு முறை முழுதாகப் படிப்பதே அதற்குப் பெரிய வேலை. அதனால்தான் முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும் என்கிறேன். அந்தப் படியைப் புதுக் கணினிக்குள் மெய்நிகர்க் கணினியாக ஓட்டி, எக்ஸ்பியையும் அதன் எழுத்துருக்களையும் உயிரோடு வைத்திருக்கவும் வழி உண்டு. கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும், முடியும்.

படியெடுத்த பிறகுதான் புதிதாகப் போடும் பேச்சே வந்தது. அந்தக் கணினியின் செயலி 32 பிட். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அத்தகைய பழைய கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. முந்தைய 12ஆம் பதிப்பு இன்னும் போடலாம். தம்ப் டிரைவிலிருந்து எழ அந்தக் கணினிக்குத் தெரியவில்லை. குறுவட்டில் எழுதிப் போட்டோம். வரைகலை நிறுவியின் முதல் திரையில் மொழிப் பட்டியல் வந்தது. கீழே இறக்கிக்கொண்டே போனதும் தமிழ். அதைத் தேர்ந்ததும் அடுத்த திரையின் கேள்வியெல்லாம் தமிழில் வரத் தொடங்கியது.

“ஓஎஸ் போடும்போதே தமிழா?” என்றார் ஐயா. ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டு வாசித்தார். ஒரு சொல் அவருக்குப் பிடிக்கவில்லை, இதைவிட நல்ல சொல் இருக்கிறது என்றார். ஆசிரியர் என்றால் ஆசிரியர்தான்.

அவர் மலைத்தது ஏனென்று எனக்குப் புரிந்தது. அவர் தொடங்கிய காலத்தில் கணினிக்குத் தமிழே தெரியாது; ஃபிளாப்பியில் கொண்டுவந்து கற்பிக்க வேண்டும். விண்டோஸ் வரிசையில் தமிழுக்கு இடம் கிடைத்தது விண்டோஸ் 2000இல், லதா எழுத்துருவோடு. அடுத்து வந்த எக்ஸ்பியில்கூட மண்டல, மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் போட்டு, எக்ஸ்பி குறுவட்டைச் செருகி, சில கோப்புகளை ஏற்றினால்தான் யூனிகோடுத் தமிழ் ஒழுங்காகச் சேர்ந்து தெரியும். ஃபார்மட் செய்யும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி செய்ய வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் கணினி தெரிந்த ஓர் அண்ணனோ அக்காவோ அந்தக் குறுவட்டோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இன்றைய கணினிகளில் தமிழ் பிறக்கும்போதே இருக்கிறது, லினக்ஸ் என்றால் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து மொழிபெயர்த்த இடைமுகத்தோடும்.

அப்படியானால் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்றால், பெரும்பாலானவற்றை மாற்றலாம். திஸ்கி, டாப், பாமினி போன்றவற்றின் வரைபடம் ஊரறிந்தது. ஜெர்மனியிலிருந்து சுரதா செய்த பொங்குதமிழ் மாற்றியும், சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்ஹெச்எம் மாற்றியும் லட்சக்கணக்கான பக்கங்களுக்கு உயிர் கொடுத்திருக்கும் என்று தயங்காமல் சொல்வேன். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், முதலில் ஒரு குறியேற்றத்தில் போட்ட இலக்கியங்களைத் திஸ்கிக்கும் பின்னர் யூனிகோடுக்கும் தூக்கிவந்தது. சங்க இலக்கியம் தப்பியது, அதைத் தூக்கிவரக் கைகள் இருந்ததால். ஆசிரியரின் அச்சேறாத கதைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

மாற்றும்போது ஒரு நுணுக்கமும் உண்டு. ‘கொ’ என்று எழுதும்போது பழைய குறியேற்றங்கள் கை எழுதுவது போலவே முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால் என்று வைத்தன. யூனிகோடில் க முன்னால் வர வேண்டும், ஒகரக் குறி அதன் பின்னால் ஒன்றாக நிற்க வேண்டும். இடங்களை மட்டும் மாற்றிவிட்டு வரிசையை மாற்றாமல் விட்டால் கொம்பெல்லாம் முந்தைய எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

சிரமம், வரைபடமே கிடைக்காத கோப்புகளில். சிறிய நிறுவனங்கள் செய்து விற்று மறைந்துபோன எழுத்துருக்கள், ஓர் அச்சகம் தனக்கென மாற்றியமைத்தவை, டாஸ் காலத்து மென்பொருள்கள். எழுத்துருக் கோப்பு அழிந்துவிட்டால் இவற்றுக்கு ஆயத்தமான மாற்றி இருக்காது. 2015இல் சிங்கப்பூரின் ஐம்பதாம் ஆண்டையொட்டித் தேசிய நூலக வாரியமும் தமிழ்ச் சமூகத்தின் தொண்டூழியர்களும் சேர்ந்து ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கினார்கள். மகத்தான வேலை. காகிதத்தில் இருந்ததால் அவற்றை வருட முடிந்தது. டிஸ்க்கில் மட்டும் இருந்தவை அந்த வலையில் சிக்கவில்லை.

ஆனால் அந்த நூல்களே இப்போது சாவியாகலாம். ஓர் எழுத்தாளரின் படிக்க முடியாத கோப்புகளில் ஒன்றிரண்டாவது எப்படியும் அச்சில் வந்திருக்கும். அச்சுப் பக்கத்தையும் கோப்பையும் அருகருகே வைத்து, முதல் குறிக்கு எதிரே முதல் எழுத்து, இரண்டாவதற்கு எதிரே இரண்டாவது என்று பொருத்திக்கொண்டே போனால் நாலைந்து பக்கத்துக்குள் வரைபடத்தின் பெரும்பகுதி கையில் வந்துவிடும். அதை வைத்து அச்சேறாத மற்றவற்றையும் திறக்கலாம். ஙகரம், ஞௌ போன்று அபூர்வமாக வரும் எழுத்துகள் சில மிஞ்சும். அந்த இடங்களில் என்ன எழுதியிருக்க முடியும் என்று எழுதியவரையே கேட்கலாம். 1996இல் ஐம்பது வயதில் கணினியில் உட்கார்ந்தவர்களுக்கு இப்போது எண்பது ஆகப்போகிறது. கேட்க வேண்டியதை இந்த ஆண்டே கேட்பது நல்லது.